வேர்டில் கிடந்த பத்திரச் சுருக்கங்களை எஸ்பான்சோவுக்கு மாற்றிய கதை

வேர்டின் ஆட்டோகரெக்ட்டில் சுருக்கங்கள் சேர்த்துப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கல் வந்தே தீரும். மூன்று எழுத்துத் தட்டி ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மூன்று வரி வந்து விழும், ஆனால் வேர்டுக்குள் மட்டும்தான். பிரௌசரில் அதே மூன்று எழுத்தைத் தட்டினால் அந்த மூன்று எழுத்தேதான் நிற்கும்.

என் சித்தப்பா பத்திர எழுத்தர். அவரிடம் பல வருடங்களாகத் தட்டச்சு செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார், வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். அதில் பாதி விரல் வேகம், மீதி அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்த சுருக்கங்கள். "கிப" என்றால் கிரையப் பத்திரம், "நாஎ" என்றால் நான்கெல்லை, "சொவி" என்றால் சொத்து விவரம். "பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தோன்றினால் அதை என் சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் தீர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவன்" என்று நீளும் வாசகத்துக்கும் ஒரு மூன்றெழுத்து உண்டு. ஆனால் 2018 முதல் தமிழ்நாட்டில் பதிவுக்கான விவரங்களை இணையத்தில் உள்ளிட வேண்டியிருப்பதால் வேலையில் பெரும்பகுதி பிரௌசருக்குப் போய்விட்டது. வேர்டில் அடித்து, காப்பி செய்து, படிவத்தில் ஒட்டி, மறுபடி வேர்டுக்கு வந்து என்று அவர் அல்லாடுவதைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன். புதுக் கணினியும் அப்போதுதான் வாங்கியிருந்தார்கள்.

எல்லாச் செயலியிலும் வேலை செய்யும் சுருக்க விரிப்பான்கள் நிறைய இருக்கின்றன. டெக்ஸ்ட்எக்ஸ்பாண்டர், ஃபிரேஸ்எக்ஸ்பிரஸ், பீஃப்டெக்ஸ்ட், ஆட்டோஹாட்கீ என்று பட்டியல் நீளும். நான் எடுத்துக்கொண்டது எஸ்பான்சோ. இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். எல்லாவற்றையும் யாமல் என்ற சாதாரண உரைக்கோப்பு வடிவில் வைத்திருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியமான காரணம். உரைக்கோப்பு என்றால் நாளைக்கு இன்னொரு மென்பொருளுக்கு மாற வேண்டி வந்தாலும் கையில் சரக்கு இருக்கும். வேர்டிலிருந்து எடுப்பதில் படும் பாட்டைப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

முதல் வேலை, சுருக்கங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது. வேர்ட் இவற்றை இரண்டு இடத்தில் வைக்கிறது. வெறும் உரையாக இருப்பவை, பயனரின் ஆப்டேட்டா ரோமிங் கோப்புறைக்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் ஆபீஸ் என்று போனால் ஏசிஎல் என்ற பின்னொட்டோடு கிடக்கும். மொழிக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரில் மொழியின் எண் இருக்கும்: அமெரிக்க ஆங்கிலத்துக்கு 1033, இந்தியத் தமிழுக்கு 1097. தடித்த எழுத்து, பத்திப் பிரிப்பு போன்ற வடிவமைப்போடு சேமித்தவை இங்கே இருக்காது, நார்மல் டெம்ப்ளேட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு வேர்டிலிருந்து இன்னொரு வேர்டுக்கு மட்டும் மாறுகிறீர்கள் என்றால் வேர்டை மூடிவிட்டு இந்த ஏசிஎல் கோப்புகளையும் நார்மல் டெம்ப்ளேட்டையும் புதுக் கணினியில் அதே இடத்தில் போட்டால் போதும், மேற்கொண்டு இதைப் படிக்கத் தேவையில்லை.

இரண்டையும் நேராகத் திறந்து படிப்பது வீண் வேலை, ஏசிஎல் நாம் படிக்க முடியாத ஒரு பைனரிக் கோப்பு. அதனால் வேர்டையே கேட்டு வாங்குவது என்று முடிவு செய்து வேர்டுக்குள்ளேயே இருக்கும் விபிஏ என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன மேக்ரோ, அதாவது கட்டளைத் தொகுப்பு, எழுதினேன். ஆட்டோகரெக்ட் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, பெயர், ஒரு டேப், அதன் விரிவு, ஒரு புதுவரி என்று கொட்டுகிற மேக்ரோ. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விபிஏவின் வழக்கமான கோப்பில் எழுதும் கட்டளை யூனிகோடு அறியாதது. அதைக்கொண்டு எழுதினால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாகத்தான் கோப்பில் விழும். கோப்பில் எழுதாமல், புதிதாக ஒரு வேர்ட் ஆவணத்தைத் திறந்து அதன் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகச் சொல்லி, பிறகு அந்த ஆவணத்தை யூடிஎஃப்-8 வெற்று உரையாகச் சேமித்தால் எழுத்து ஒன்றும் கெடாது.

தமிழ்ச் சுருக்கங்கள் தமிழ்ப் பட்டியலில் இருக்கும் என்றுதானே நினைப்போம். 1097 கிட்டத்தட்ட காலி. ஏறக்குறைய எல்லாமே ஆங்கிலப் பட்டியலில்தான் இருந்தன. அக்கா பயன்படுத்துவது தமிழ்99 விசைப்பலகை, ஆனால் விண்டோஸில் இருக்கும் தமிழ் விசைப்பலகை அல்ல, தனியாக நிறுவிய ஓர் உள்ளீட்டு மென்பொருள். விண்டோஸைப் பொறுத்தவரை அவர் எப்போதும் ஆங்கில விசைப்பலகையில்தான் தட்டுகிறார், நடுவில் இந்த மென்பொருள் எழுத்தை மாற்றிக் கொடுக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய தலைவலியாக வரப்போவது இதுதான்.

அப்புறம் 255. ஆட்டோகரெக்ட் விரிவை மேக்ரோ வழியாகக் கேட்டால் முதல் 255 குறியீடுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகுகளை) மட்டும்தான் கொடுக்கும். ஆங்கிலத்தில் அது நாலு வரிக்குப் பக்கம். தமிழில் அப்படியில்லை, உயிர்மெய்க்கு இரண்டு, மெய்க்கு இரண்டு என்று கணக்கு ஓடும். "தீர்த்துக்" என்ற ஐந்து எழுத்துக்கு மட்டும் பத்துக் குறியீடு. ஆக நீளமான வாசகங்கள் எல்லாம் பாதியில் வெட்டுப்பட்டு வந்தன. கடிதம் என்றால் பரவாயில்லை, பத்திரத்தில் "வில்லங்கம் தோன்றினால்" வரை வந்து "என் சொந்தச் செலவில்" காணாமல் போனால் என்ன ஆகும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே எடுத்த பட்டியலை விரிதாளில் போட்டு நீளம் பார்க்கும் பத்தி ஒன்றைச் சேர்த்து, சரியாக 255 வந்தவற்றை எல்லாம் தனியே பிரித்தேன். இவற்றுக்கு வேறு வழி உண்டு: விரிவைக் கேட்காமல், அந்தச் சுருக்கத்தை ஆவணத்தில் ஓர் இடத்தில் பொருத்தச் சொல்லி மேக்ரோவிலேயே கட்டளை இருக்கிறது. அப்படிச் செய்தால் முழு வாசகமும் வந்து விழும், அதை எடுத்துக்கொள்ளலாம். வடிவமைப்போடு சேமித்தவற்றுக்கும் இதுவே வழி.

பட்டியலோடு வேர்ட் தானாக வைத்திருக்கும் ஆங்கில எழுத்துப்பிழைத் திருத்தங்களும் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தன. விரிவில் ஒரு தமிழ் எழுத்தாவது இருப்பவற்றை மட்டும் வடிகட்டி மீதியைத் தள்ளினேன். சிலர் இதையும் சேர்த்தே இறக்குமதி செய்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். அடைப்புக்குள் சி என்று உட்பிரிவு போட்டால் பதிப்புரிமைக் குறி வந்து நிற்கிற கூத்து, வேர்டோடு போகட்டும்.

வடிகட்டிய பின் பட்டியலை அக்காவோடு உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்தோம். இது அவசியம் செய்ய வேண்டியது. எப்போதோ வந்த கட்சிக்காரர்களின் பெயர், முகவரி, ஒருவருடைய வங்கிக் கணக்கு எண் வரை சுருக்கமாகக் கிடந்தது. ஒரே ஆளுக்கு வரிசையாக நாலு பத்திரம் போட்டபோது சேர்த்தவையாம். எஸ்பான்சோவின் கோப்பு யார் திறந்தாலும் படிக்கும்படியான வெற்று உரை என்பதால் அதையெல்லாம் அப்போதே நீக்கினோம்.

அடுத்தது சுத்தம் செய்யும் வேலை. எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"அவா்கள்" என்பதையும் "அவர்கள்" என்பதையும் பாருங்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதலாவதில் இருப்பது ரகர மெய் இல்லை, துணைக்காலும் அதன்மேல் ஒரு புள்ளியும். ரகர மெய்யைக் கீழே சாய்கோடு இல்லாமல் எழுதும் பழக்கத்திலிருந்தும், பழைய எழுத்துரு ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றியதிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்ட பிழை இது. செய்தித் தளங்களில்கூட நிறையப் பார்க்கலாம். அச்சிட்டால் தெரியாது, தேடினால் தெரியும்: சரியாக அடித்துத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. நல்லவேளையாக, துணைக்காலைத் தொடர்ந்து புள்ளி வருவது தமிழில் எங்குமே கிடையாது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றிவிடலாம்.

கொம்பும் காலும் அடுத்தது. கொ, கோ இவற்றை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்கிறது, ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு இரண்டும் வேறு வேறு. இதற்கென்றே ஒருமைப்படுத்தும் முறை இருக்கிறது, பைத்தான் நிரல்மொழியில் அதற்கான நூலகம் கூடவே வரும், ஒரே வரி. ஆனால் அந்த ஒரே வரி ஔகாரத்தைக் காப்பாற்றாது. கௌ என்பதை ஒற்றைக்கொம்பு, க, ள என்று மூன்றாக அடித்திருந்தால் யூனிகோடுக்கு அது "கெள" என்ற வேறு சொல், சமமே இல்லை. பட்டியலில் "கெளரவ" என்று ஒன்று இருந்தது, கையால்தான் திருத்தினேன்.

ஸ்ரீ ஒரு தனிக் கேஸ். முதலில் ஸகரத்தில் தொடங்கித்தான் ஸ்ரீயை எழுதினோம், 2005-இல் யூனிகோடு 4.1-இல் ஶ என்ற எழுத்து தமிழ்ப் பகுதிக்குள் வந்த பிறகு அதில் தொடங்கி எழுதும் முறையும் வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒரே ஸ்ரீ. பட்டியலில் ஸ்ரீவைகுண்டம் வட்டம் இரண்டு விதமாகவும் இருந்தது. இதில் எது சரி என்று சண்டை போட எனக்கு நேரமில்லை. ஊர்ப்பெயரை அடித்துத் தேடும்போது எது கிடைக்குமோ அதுதான் வேண்டும், எனவே அக்காவின் விசைப்பலகை எதை உருவாக்குகிறதோ அதற்கே எல்லாவற்றையும் மாற்றினேன். இவற்றோடு கண்ணுக்கே தெரியாத அகலமில்லா இடைவெளிகள் சில, வலைப்பக்கங்களிலிருந்து ஒட்டியபோது வந்தவை, அதையும் நீக்கியாயிற்று.

இனி யாமல். எஸ்பான்சோவில் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் இரண்டு வரி, ஒன்றில் சுருக்கம், மற்றதில் விரிவு. பட்டியல் பத்து வரி என்றால் கையாலேயே எழுதலாம். அதற்கு மேல் போனால் பைத்தான் போன்ற ஏதாவது ஒன்றில் எழுத வைப்பதே நல்லது, ஏனென்றால் யாமல் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் நுணுக்கம் அதிகம். "புல எண்: " என்பதில் இருக்கும் முக்காற்புள்ளியும் அதை அடுத்த இடைவெளியும் போதும், மேற்கோளுக்குள் போடாவிட்டால் கோப்பே திறக்காது. டேப் ஆகாது, இடைவெளிதான் விட வேண்டும். வேர்டில் ஷிஃப்டோடு என்டர் தட்டிப் பிரித்த வரிகளில் ஒரு கட்டுப்பாட்டுக் குறி ஒளிந்திருக்கும், அதை யாமல் ஏற்காது, சாதாரணப் புதுவரியாக மாற்ற வேண்டும். பைத்தானின் யாமல் நூலகத்தை அப்படியே விட்டால் தமிழ் எழுத்துகளை எல்லாம் சாய்கோடும் எண்களுமாக எழுதி வைக்கும். வேலை செய்யும், ஆனால் நாளைக்கு அக்கா திறந்து ஒரு சொல்லைத் திருத்த முடியாது. யூனிகோடை அனுமதி என்று ஒரு அமைப்பு உண்டு, அதைப் போட்டால் தமிழ் தமிழாகவே இருக்கும். விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும், இல்லாவிட்டால் பைத்தான் தன்னிஷ்டத்துக்கு ஒரு பழைய எழுத்துக் குறியாக்க முறையைப் பிடித்துக்கொள்ளும்.

கோப்பை எஸ்பான்சோவின் மேட்ச் கோப்புறையில் தனிப்பெயரில் போட்டேன். அதோடு வரும் அடிப்படைக் கோப்பைத் தொடவில்லை, பிரச்சினை வந்தால் நம்முடையதை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். கோப்பை மாற்றிச் சேமித்தாலே அதுவாகப் புதுப்பித்துக்கொள்ளும். நோட்பேடைத் திறந்து அக்கா "கிப" அடித்தார், ஸ்பேஸ் பாரைத் தட்டினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

வேர்ட் பார்ப்பது ஆவணத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்ட எழுத்தை. எஸ்பான்சோ பார்ப்பது விசைகளை. அந்தக் கணினியில், உள்ளீட்டு மென்பொருள் தமிழாக மாற்றுவதற்கு முந்தைய ஆங்கில விசைகளே எஸ்பான்சோவுக்குத் தெரிகின்றன. அக்கா கிப என்று தட்டும்போது அதன் கண்ணில் படுவது எச், எஸ், ஜே. உங்கள் கணினியில் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன், விசைப்பலகை எப்படி நிறுவப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சோதிப்பது எளிது: ஒரே விரிவுக்கு ஒரு சுருக்கம் தமிழ் எழுத்தில், இன்னொன்று அதற்கான ஆங்கில விசைகளில் என்று இரண்டும் வைத்துத் தட்டிப் பாருங்கள், எது விரிகிறது என்று தெரிந்துவிடும். மொத்தப் பட்டியலையும் மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது.

ஆளுக்கு ஆள் சொல்லும் யோசனை, சுருக்கத்தின் முன்னால் ஒரு அரைப்புள்ளி போடுங்கள், மோதாது என்பது. ஆங்கிலத்துக்குச் சரி. தமிழ்99-இல் அரைப்புள்ளி விசைதான் ந, மேற்கோள் விசை ய, சாய்கோடு ழ, சதுர அடைப்பு இரண்டும் ச, ஞ. முன்னொட்டாக வைக்க மிஞ்சுவது காற்புள்ளி, முற்றுப்புள்ளி, எண்கள் போன்றவை. காற்புள்ளியை முன்னால் சேர்க்கலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "பழக்கத்தை மாத்தினா நான் யோசிச்சு அடிக்கணும் தம்பி. யோசிச்சு அடிக்கிறதுக்கு முழுசாவே அடிச்சிடலாமே" என்றார். நியாயம்தான். அவர் விரல் மாறக்கூடாது, கோப்புதான் மாற வேண்டும்.

ஆக, தமிழ்ச் சுருக்கத்தை எல்லாம் தமிழ்99 விசைகளாகப் பெயர்க்கும் ஓர் அட்டவணையைப் பைத்தானில் சேர்த்தேன். க என்றால் எச், உயிர்க்குறி இ என்றால் எஸ் என்று வரிசையாக. தமிழ்99-இன் அழகே உயிர், மெய் என்று பிரித்து அடிப்பதுதான், அதனால் இந்தப் பெயர்ப்பு நேராக வரும். கிப, சொவி, நாஎ எல்லாம் உடனே வேலை செய்தன. சொவி சதுர அடைப்பில் தொடங்குகிறது, மேற்கோளுக்குள் போடாமல் எழுதினால் யாமல் அதை ஒரு பட்டியலின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும், அதையும் பைத்தான் பார்த்துக்கொண்டது.

ஆனால் பட்டியலில் "ம்ப" என்று ஒன்று இருந்தது. புள்ளியில் எதற்கு ஒரு சுருக்கம் என்று கேட்டால், மனைப் பட்டாவாம். ம, ப என்றுதான் அவர் தட்டுகிறார். தமிழ்99-இல் மகரத்தை அடுத்துப் பகரம் வந்தால் புள்ளி தானாக விழும், ஒரே மெய் இரண்டு முறை வந்தாலும் அப்படித்தான். இனவெழுத்துகளுக்கு வேலை மிச்சப்படுத்தும் அருமையான ஏற்பாடு அது. வேர்டில் திரையில் விழுந்தது "ம்ப", எனவே சுருக்கமும் "ம்ப" என்றே பதிவாகியிருக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். தட்டியது இரண்டு விசை, திரையில் இருப்பது மூன்று குறியீடு: ம, புள்ளி, ப. எஸ்பான்சோ விரிவைப் போடுவதற்கு முன்னால், தான் பார்த்த விசைகளின் எண்ணிக்கைக்குப் பேக்ஸ்பேஸ் அடித்துச் சுருக்கத்தை அழிக்கும். விண்டோஸில் பேக்ஸ்பேஸ் ஒரு தட்டுக்கு ஒரு குறியீட்டைத்தான் அழிக்கும். இரண்டு தட்டில் ப போகும், புள்ளி போகும், ம அங்கேயே நிற்கும். விளைவு, "மமனைப் பட்டா". இதன் தலைகீழும் உண்டு: பழைய பட்டா எண்ணுக்கு அக்கா வைத்திருந்தது "பப", புள்ளி விழாமல் இருக்க நடுவில் அகரம் தட்டுவார். மூன்று விசை, இரண்டு குறியீடு, முன்னால் இருந்த ஓர் எழுத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். இது "மம" போலக் கண்ணில் படாது, முந்தைய சொல்லோடு ஒட்டிக்கொண்டு போய்விடும் என்பதால் மோசம்.

விசை எண்ணிக்கையும் குறியீட்டு எண்ணிக்கையும் சமமாக இருக்கும் சுருக்கங்கள் மட்டுமே பாதுகாப்பானவை என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, சமமில்லாதவற்றைப் பைத்தானையே பட்டியலிடச் சொன்னேன். பயந்த அளவுக்கு இல்லை. முதலெழுத்துகளாகவே சுருக்கம் வைப்பவர் என்பதால் பெரும்பாலானவை சமமாகவே இருந்தன. மீதிக்கு அக்காவே புதுப்பெயர் வைத்தார். ம்ப இப்போது "மனைப", நாலு விசை, நாலு குறியீடு.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். "ரூ" அடித்தால் ரூபாய் என்று விரியும் சுருக்கம் ஒன்று இருந்தது, ரொம்பச் சாதாரணமானது. தமிழ்99-இல் ரூ என்பது எம், ஈ என்ற இரண்டு விசை. ஆங்கிலத்தில் சேர்த்துப் படித்தால் 'என்னை' என்று பொருள் தரும் 'மீ'. சித்தப்பா ஆங்கிலத்தில் ஓர் அதிகாரப் பத்திரம் அடித்துக்கொண்டிருந்தவர், "டேய், இது நடுநடுவே ரூபாய் கேக்குதுடா" என்று கூப்பிட்டார். அதை "ரூப" என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு விசைச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் ஆங்கிலச் சொல்லாக வருகிறதா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் 'தனிச் சொல்லாக இருந்தால் மட்டும் விரி' என்ற அமைப்பைப் போட்டிருந்தேன். வேர்டின் நடத்தையும் அதுதான், இல்லாவிட்டால் எந்தச் சொல்லுக்கு நடுவில் கிப வந்தாலும் கிரையப் பத்திரமாகிவிடும். சொல் எங்கே முடிகிறது என்பதைச் சில குறிகளை வைத்து எஸ்பான்சோ முடிவு செய்கிறது. அந்தப் பட்டியலில் ஒற்றை மேற்கோளும் சதுர அடைப்பும் இருந்தால் நமக்கு ஆபத்து, அதன் கண்ணுக்கு மேற்கோளாகத் தெரிவது நம்முடைய ய, அடைப்பாகத் தெரிவது ச. பட்டியலை நாமே எழுதிக் கொடுக்கலாம். ஸ்பேஸ் பார், என்டர், டேப், காற்புள்ளி, முற்றுப்புள்ளி இவை மட்டும் போதும் என்று வைத்துவிட்டேன்.

விரிவை உள்ளே போடுவதற்கும் இரண்டு வழி இருக்கிறது: எழுத்தெழுத்தாகத் தட்டுவது போலச் செலுத்துவது, கிளிப்போர்டு வழியாக ஒட்டுவது. அப்படியே விட்டால் சின்னதைச் செலுத்தும், நீளமானதை ஒட்டும். நடுவில் இன்னொரு உள்ளீட்டு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது செலுத்துகிற வழியை நான் நம்பவில்லை, எல்லாவற்றையும் கிளிப்போர்டு என்றே வைத்தேன். ஒட்டி முடித்ததும் கிளிப்போர்டில் முன்பு இருந்ததைத் திரும்ப வைத்துவிடும், அதனால் காப்பி செய்து வைத்தது போய்விடுமோ என்ற பயமில்லை. சில வலைப் படிவங்களில் சில கட்டங்கள் ஒட்டுவதையே அனுமதிக்காது. அந்தச் சன்னலின் தலைப்பைக் கொண்டு தனி அமைப்புக் கோப்பு ஒன்று எழுதி, அங்கே மட்டும் செலுத்தும் வழிக்கு மாற்றலாம்.

இதற்கு மேல் செய்தது எல்லாம் போனஸ். சொத்து விவரத்துக்கு வேர்டில் வெறும் வாசகம்தான் இருந்தது, கோடிட்ட இடங்களை அக்கா ஒவ்வொன்றாகப் போய் நிரப்புவார். எஸ்பான்சோவில் படிவம் வைக்கலாம். சொவி என்று அடித்தால் சின்னச் சன்னல் திறந்து புல எண், பரப்பு, கிழக்கே, மேற்கே, வடக்கே, தெற்கே, கிழமேலடி, தென்வடலடி என்று கேட்கும். நிரப்பி முடித்தால் முழுப் பத்தியும் அதனதன் இடத்தில் பொருந்தி வந்து விழும். படிவச் சன்னலுக்குள் தமிழ்99 வழக்கம்போல் வேலை செய்கிறது. ஏக்கர், சென்ட், ஹெக்டேர், ஏர் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றும் கணக்கையும் உள்ளே வைக்கலாமே என்று தோன்றியது. சென்ட்டுக்கு 435.6 சதுரடி, ஏருக்கு 100 சதுர மீட்டர் என்று கணக்கெல்லாம் எளிதுதான். சித்தப்பா வேண்டாம் என்றார். பட்டாவில் எழுதியிருக்கும் பரப்பை எழுத்துப் பிசகாமல் அப்படியே எடுத்து எழுதுவதுதான் முறை, கணினி தசமத்தை ஒதுக்கி வேறு எண் போட்டுவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டேன். தேதிக்கும் படிவம்தான், வருடமும் நாளும் தானாக வரும், மாதத்தை மட்டும் படிவத்தில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிறார்.

எப்போதாவது தேவைப்படும் நீண்ட வாசகங்களுக்கு, உயில், செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் போன்றவற்றுக்கு, சுருக்கம் நினைவில் நிற்காது. தேடல் சன்னல் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு விரிவுக்கும் தமிழில் ஒரு தலைப்பு வைத்துவிட்டால் அந்தப் பெயரிலேயே தேடி எடுக்கலாம். அதற்கான விசை முதலில் ஆல்ட்டும் ஸ்பேஸும். விண்டோஸில் சன்னல் மெனு திறப்பதும் அதே கூட்டு என்பதால் வேறொன்றுக்கு மாற்றினேன்.

மற்ற இடங்களிலிருந்து வருபவர்களுக்குச் சுருக்கமாக: மேக்கின் உரை மாற்றுப் பட்டியலை அமைப்புச் சன்னலிலிருந்து தேர்ந்தெடுத்து டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டாலே பிலிஸ்ட் கோப்பாக வந்துவிடும், உள்ளே சுருக்கமும் சொற்றொடரும் ஜோடி ஜோடியாக இருக்கும். லிப்ரேஆபீஸின் தன்திருத்தக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப், பின்னொட்டை மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கிடைக்கும். ஆட்டோஹாட்கீயில் வரிக்கு ஒன்றாக இரட்டை முக்காற்புள்ளிகளுக்கு நடுவில் இருப்பதால் பிரித்தெடுப்பது சுலபம், ஆனால் கட்டளைகள் கலந்த வரிகளைக் கையால்தான் மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு தன் தனிப்பட்ட அகராதியை ஏற்றுமதி செய்யும், ஜிப்புக்குள் டேப் பிரித்த உரைக்கோப்பு. எதிலிருந்து வந்தாலும் எழுத்துச் சுத்தமும் விசைக்கணக்கும் மேலே சொன்னதேதான்.

பழைய கணினியின் வேர்டிலிருந்து சுருக்கங்களை நான் இன்னும் அழிக்கவில்லை. புதுக் கணினியின் வேர்டில் மட்டும் ஆட்டோகரெக்ட்டைத் தட்டச்சின்போது மாற்றாதே என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். இரண்டும் ஓடினால் ஒன்றன் விரிவுக்குள் இன்னொன்று கை வைக்கும். ஒரு கிராமப் பெயரின் சுருக்கமும் மூன்று உறுதிமொழி வாசகங்களும் சித்தப்பா சரிபார்த்துச் சொல்ல வேண்டியவை. அவை பட்டியலில் # குறி போட்டு முடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, அவர் படித்து ஒப்புக்கொண்டதும் குறியை எடுத்துவிட்டுச் சேமித்தால் போதும்.